கல்லூரிக் கட்டணச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்: உதவித்தொகை, கட்டணச் சலுகை, கல்விக்கடன்

பிளஸ் டூ முடிவு வந்த சில வாரங்களில் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் கல்லூரியில் கொடுத்த கட்டணச் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார். பெரும்பாலும் அம்மாக்கள். சீட்டின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள். "இவ்வளவு எங்கேம்மா போறது? வேற ஏதாவது கோர்ஸ் சேத்துடலாமா?" என்று கேட்பார்கள். நான் அந்த மொத்தத்தைப் பார்ப்பதில்லை. மேலே உள்ள வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்வேன். டியூஷன் ஃபீஸ், தேர்வுக் கட்டணம், ஆய்வகம், விடுதி, பேருந்து எனத் தனித்தனியாக இருக்கும். டியூஷன் ஃபீஸுக்கு ஒரு வழி, விடுதிக்கு வேறு வழி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே உதவி கிடைக்கும் என்று தேடினால் எதுவும் கிடைக்காது.

தமிழ்நாட்டில் பட்டப்படிப்புக்கோ பாலிடெக்னிக்குக்கோ போகும் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். திட்டங்களின் தொகையும் தகுதியும் ஆண்டுக்காண்டு மாறலாம். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்வோம். கட்டணச் சலுகை என்றால் உங்களிடம் பணமே கேட்கமாட்டார்கள். உங்கள் பங்கை அரசு கல்லூரிக்குக் கொடுத்துவிடும். உதவித்தொகை, அதாவது ஸ்காலர்ஷிப், உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். திருப்பித் தர வேண்டியதில்லை. கல்விக்கடன் வங்கி தருவது. வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். தேடும்போதும் இதே வரிசையில்தான் தேட வேண்டும். சலுகையும் உதவித்தொகையும் போக மிச்சம் இருப்பதற்கு மட்டும் கடன் வாங்குங்கள். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் நகையை அடகு வைத்துவிடுகிறார்கள். "உங்களுக்கு இந்தச் சலுகை இருந்ததே" என்று யாரோ சொல்லும்போது இரண்டாம் ஆண்டு வந்துவிடுகிறது.

எந்த வழியாகச் சேர்ந்தீர்கள்?

சீட்டோடு வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி மதிப்பெண் அல்ல. "கவுன்சலிங்கில், அதாவது அரசு நடத்தும் கலந்தாய்வில் சேர்ந்தீர்களா, கல்லூரி நேரடியாக நிரப்பும் மேனேஜ்மெண்ட் கோட்டாவா?" என்றுதான் கேட்பேன். பதிலைக் கேட்டுப் பலமுறை மனம் கனத்திருக்கிறது. பிளஸ் டூ பரீட்சை முடிவதற்கு முன்பே கல்லூரி ஏஜென்ட் வீட்டுக்கு வந்து, "இப்பவே ஐயாயிரம் கட்டினா சீட் உறுதி" என்று சொல்லி வாங்கிப் போயிருப்பார். அந்த அவசரத்தில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்த பிள்ளைக்கு அரசின் பெரிய உதவிகள் பலவும் கிடைக்காமல் போகின்றன. ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகச் சேர்வதுதான் அவற்றுக்கு அடிப்படைத் தகுதி.

அவற்றில் மிகப் பெரியது 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் இந்த ஒதுக்கீடு வந்தது. இதில் இடம் கிடைத்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. அதாவது சீட்டின் பெரிய வரிகள் எல்லாம் அழிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்ததைச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகளை இன்னும் பார்க்கிறேன். கூச்சப்படாதீர்கள். கவுன்சலிங் விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளி, எந்தெந்த ஆண்டு என்று தலைமையாசிரியரிடம் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளிகளிலும் அலைய வேண்டியிருக்கும். அதைக் கடைசி நாளுக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்தது முதல் பட்டதாரி சலுகை. குடும்பத்தில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டம் பெறாமல், இந்தப் பிள்ளைதான் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறது என்றால், கவுன்சலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேரும்போது டியூஷன் ஃபீஸில் சலுகை உண்டு. டியூஷன் ஃபீஸில் மட்டும்தான். விடுதிக்கும் பேருந்துக்கும் இது பொருந்தாது. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் கிடைக்கும் என்பதால், இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யாருக்கு இதைப் பயன்படுத்துவது என்று யோசித்து முடிவெடுங்கள். அக்கா அரசுக் கல்லூரியில் பி.ஏ. சேர்கிறாள், தம்பி பின்னாளில் பொறியியல் போக நினைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அக்கா பட்டம் வாங்கிவிட்டால் தம்பி முதல் பட்டதாரி ஆக மாட்டான். அதற்காக அக்காவின் படிப்பை நிறுத்தச் சொல்லும் வீடுகளும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தம்பிக்கு வேறு வழிகள் இருக்கின்றன, கீழே வருகின்றன.

சாதிச் சான்றும் வருமானச் சான்றும் திறக்கும் கதவுகள்

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்குப் 'போஸ்ட் மெட்ரிக்', அதாவது பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகை இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இதில் இரண்டு பகுதிகள். ஒன்று, கல்லூரிக்குக் கட்ட வேண்டிய, திரும்பக் கிடைக்காத கட்டாயக் கட்டணங்கள். இன்னொன்று, மாணவரின் செலவுக்கான படி. இது படிப்பைப் பொறுத்தும், விடுதியில் தங்குகிறாரா வீட்டிலிருந்து போகிறாரா என்பதைப் பொறுத்தும் மாறும். கல்லூரிக்கு உரிய கட்டணமும் மாணவரின் கணக்குக்கே வரலாம் என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பெரிய தொகை வந்திருக்கிறதே என்று வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டுப் பிறகு கல்லூரியில் ஹால் டிக்கெட் வாங்க முடியாமல் தவித்த குடும்பம் எனக்குத் தெரியும். அவர்கள் ஏமாற்றவில்லை, அது யாருடைய பணம் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை உண்டு. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் பட்டப்படிப்பு படிப்பவர்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புகளுக்கு 2.5 லட்சம் வரம்பு. "எங்களுக்கெல்லாம் தரமாட்டாங்க" என்று கேட்காமலேயே விட்டுவிடுபவர்கள் இந்தப் பிரிவில்தான் அதிகம்.

விடுதி என்ற வரிக்கு வருவோம். ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் நடத்தும் விடுதிகளுக்கு 2025இல் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாற்றினார்கள். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளுக்கு வருமான வரம்போடு, வீடு கல்லூரியிலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. மாணவிகளுக்கு இந்தத் தூர விதி பொருந்தாது. கல்லூரியின் சொந்த விடுதிக்குப் பணம் கட்டும் முன் அதே ஊரில் இப்படியொரு விடுதி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கைச்செலவுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் இரண்டு திட்டங்கள் பலருக்கும் தெரிந்தவை. மாணவிகளுக்கான புதுமைப்பெண் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கப்பட்டன. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும். தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. வேறு உதவித்தொகை வாங்குபவர்களும் பெறலாம் என்பது இதன் சிறப்பு. கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசுத் தளமான யூமிஸில் உங்கள் விவரங்களை ஏற்றுவது கல்லூரி வழியாகத்தான் நடக்கும். அந்த ஆசிரியர் யார் என்று முதல் வாரமே கேட்டு வையுங்கள்.

மத்திய அரசின் உதவிகள்

இவற்றுக்கான பொது வாசல் தேசிய உதவித்தொகைத் தளம், நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல். ஒருமுறைப் பதிவு செய்து ஓ.டி.ஆர். எண் வாங்கிக்கொண்டால் அதே எண்ணை வைத்து ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பிக்கலாம். அதில் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது 'சென்ட்ரல் செக்டர் ஸ்கீம்' எனப்படும் மத்தியத் துறைத் திட்டம். உங்கள் தேர்வு வாரியத்தில் மேல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், இளங்கலையின் மூன்று ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலையில் ஆண்டுக்கு 20,000 ரூபாய். தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் 'பிரகதி' உதவித்தொகை இருக்கிறது. வருமான வரம்பு 8 லட்சம், ஆண்டுக்கு 50,000 ரூபாய், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். டிப்ளமோவுக்கும் உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு 'சக்ஷம்' என்ற பெயரில் அதே தொகை.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். மத்தியத் துறைத் திட்டத்தில் சேர்பவர் வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறக் கூடாது என்பது விதி. எனவே விண்ணப்பத்தை அழுத்தும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12,000 ரூபாய்க்காக அதைவிடப் பெரிய சலுகையை இழந்துவிடக் கூடாது. 'கிடைப்பதையெல்லாம் போட்டு வைப்போம்' என்று இரண்டையும் வாங்கினால், பிறகு திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதம் வரலாம்.

காகிதங்கள்: காரியம் கெடுவது இங்கேதான்

தகுதி இல்லாமல் உதவித்தொகை கிடைக்காமல் போனவர்களைவிட, தகுதி இருந்தும் காகிதத்தில் சிக்கியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருத்தி. கல்லூரி இரண்டாம் ஆண்டில் எனக்கு வர வேண்டிய தொகை வரவில்லை. ஏழு மாதம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது: மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருந்தது, வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுவதுமாகப் பின்னால் இருந்தது.

இந்த இனிஷியல் சிக்கல் நமக்கே உரியது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். கவிதா', ஆதாரில் 'கவிதா சுந்தரம்', வங்கியில் 'கவிதா எஸ்'. நமக்கு மூன்றும் ஒரே பெண். கணினிக்கு மூன்று பேர். பிளஸ் டூ பரீட்சைக்கு முந்தைய விடுமுறையிலேயே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். மதிப்பெண் பட்டியலை மாற்றுவது கடினம். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்பத் திருத்துவது எளிது. பிறந்த தேதியையும் அப்படியே சரிபாருங்கள்.

வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்துத் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். ஜூன் மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போவதால் அங்கே தேங்கிவிடும். ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். சாதிச் சான்று ஒருமுறை எடுத்தால் போதும். வருமானச் சான்றைக் காலாவதி பார்த்துப் புதிதாக எடுக்க வேண்டும். முதல் பட்டதாரிச் சான்றும் இதே மையத்தில்தான். வீட்டில் யார் யார் எதுவரை படித்தார்கள் என்று விசாரிப்பார்கள். அண்ணன், அக்காவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ்களைத் தயாராக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வங்கிக் கணக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வர அந்தக் கணக்கை ஆதாரோடு 'சீடிங்' செய்திருப்பது வேறு. அரசு நேரடியாகப் பணம் அனுப்பும்போது உங்கள் கணக்கு எண்ணைப் பார்ப்பதில்லை. உங்கள் ஆதாருக்குக் கடைசியாக எந்த வங்கி சீடிங் ஆகியிருக்கிறதோ அந்த வங்கிக்குப் போகும். பள்ளியில் படிக்கும்போது தபால் ஆபீசில் ஒரு கணக்கு, ஒன்பதாம் வகுப்பில் ஊர் வங்கியில் ஒரு கணக்கு, கல்லூரியில் வளாகத்துக்குள் இருக்கும் வங்கியில் ஒரு கணக்கு என்று பிள்ளைகளுக்கு மூன்று இருக்கும். பணம் வராதவர்கள் பலரின் தொகை தபால் ஆபீஸ் கணக்கில் சத்தமில்லாமல் கிடந்ததைக் கண்டெடுத்திருக்கிறேன். ஆதார் தளத்தில் உள்ளே நுழைந்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் எந்த வங்கி என்று காட்டும். அந்தக் கணக்கு மாணவரின் பெயரில் இருக்க வேண்டும், முடங்கிப்போகாமல் நடப்பிலும் இருக்க வேண்டும். மாற்ற வேண்டுமானால் புதிய வங்கியில் சீடிங் படிவம் எழுதிக் கொடுங்கள்.

விண்ணப்பித்ததோடு வேலை முடிவதில்லை. உங்கள் விண்ணப்பத்தைக் கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். ஏதாவது குறை இருந்தால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். திருத்தக் கொஞ்ச நாள்தான் தருவார்கள். குறுஞ்செய்தி பழைய செல்போன் எண்ணுக்குப் போய், அந்த எண் இப்போது யாரிடமோ இருக்கும். எண்ணை மாற்றாமல் வைத்திருங்கள். வாரம் ஒருமுறை தளத்தில் நிலையைப் பாருங்கள். அடுத்த ஆண்டு அது தானாக வந்துவிடாது, புதுப்பிக்க வேண்டும். மத்தியத் துறைத் திட்டத்தில் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். அரியர் வைத்தால் ஸ்காலர்ஷிப் என்னவாகும் என்பதைச் சேரும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அறக்கட்டளைகளும் உண்டு. நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம், ஏழ்மையான பின்னணியிலிருந்து வரும் பிள்ளைகளின் வீட்டு நிலையைத் தன்னார்வலர்கள் மூலம் நேரில் பார்த்துத் தேர்வு செய்கிறது. ரிலையன்ஸ் அறக்கட்டளை முதலாண்டு இளங்கலை மாணவர்கள் 5,000 பேருக்கு, இணையவழித் தேர்வு வைத்து, படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 2 லட்சம் வரை தருகிறது. இப்படிப்பட்ட விண்ணப்பங்களில் உங்களைப் பற்றி எழுதச் சொன்னால், அலங்காரமாக எழுதாதீர்கள். அப்பா என்ன வேலை, மாதம் எவ்வளவு வருகிறது, இதுவரை எப்படிக் கட்டினீர்கள், இனி எவ்வளவு குறைகிறது என்று தொகையோடு எழுதுங்கள். படிக்கிறவருக்கு உங்கள் வீடு கண்ணில் தெரிய வேண்டும்.

பணம் கட்டினால் ஸ்காலர்ஷிப் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். "உங்க பொண்ணுக்கு உதவித்தொகை வந்திருக்கு, க்யூ.ஆர். கோடு ஸ்கேன் பண்ணுங்க" என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். பெயரும் பள்ளியும் சரியாகச் சொன்னாலும் சரி, ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

மிச்சத்துக்குக் கடன்

இவ்வளவும் போக ஒரு தொகை நிற்கும். அதற்குத்தான் கல்விக்கடன். வித்யாலட்சுமி என்ற அரசு இணையதளத்தில் வங்கிகளுக்கு விண்ணப்பிக்கலாம். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரையான கடனுக்கு உங்கள் கைப்பணம் போட வேண்டியதில்லை. கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி அந்தக் காலத்திலும் ஏறிக்கொண்டிருக்கும். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டு தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம், தனிவட்டி என்று கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. தவணை தொடங்கும்போது 4 லட்சம் 5,40,000 ஆகியிருக்கும்.

அந்த 1,40,000 ரூபாயை அரசே கட்டும் வழியும் உண்டு. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழில்நுட்ப அல்லது தொழிற்படிப்பில், கல்வித் தரத்தை மதிப்பிடும் அமைப்புகளான நாக் அல்லது என்.பி.ஏ.வின் அங்கீகாரம் பெற்ற இடத்தில் படித்தால், தவணை தொடங்கும் வரையான வட்டிக்கு மத்திய அரசின் மானியம் இருக்கிறது. 2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் முன்னிற்கும் கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களுக்கு 8 லட்சம் வருமானம் வரை 3 சதவீத வட்டிக் குறைப்பு உண்டு. வங்கியில் கையெழுத்துப் போடும்போதே "எனக்கு வட்டி மானியம் உண்டா, அதற்கு எந்தச் சான்று வேண்டும்?" என்று கேட்டு, வருமானச் சான்றின் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். மேலாளர் "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னால் விண்ணப்பத்தைத் தளத்தில் போடுங்கள். அங்கே மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும்.

கடைசியாக, நாட்காட்டியைப் பற்றி. கல்லூரிக் கட்டணத்தை ஜூலையில் கேட்பார்கள். உதவித்தொகை பெரும்பாலும் கல்வியாண்டு பாதி ஓடிய பிறகோ, முடியும் தறுவாயிலோதான் வரும். இந்த இடைவெளியில்தான் கந்துவட்டிக்காரர் வீட்டுக்குள் நுழைகிறார். அதற்கு முன் கல்லூரி முதல்வரைப் போய்ப் பாருங்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டின் நகலோடு, எவ்வளவு எப்போது வரும், அதுவரை எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துத் தவணை கேளுங்கள். அம்மாவோ அப்பாவோ கூட வரட்டும். கடிதத்தின் இரண்டாம் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.